நடுவானத்தில எஞ்சின் நிண்டா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில இந்தப் பக்கத்தில ரெண்டே ரெண்டு வரிதான் எழுதினன், சின்னப் பிளேனுக்கு நடுவானத்தில எஞ்சின் நிண்டாலும் அது விழாது, மிதந்து மிதந்துதான் இறங்கும் எண்டு. அந்த ரெண்டு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் கொஞ்சநஞ்சமில்லை, அதால இந்த முறை முழுப் பக்கமும் அதுக்கே. புதுசா வாசிக்கிற ஆக்களுக்காக ஒண்டு சொல்லவேணும், நான் 11 வருசம் வளைகுடா நாடொண்டில விமானப் பயிற்சிப் பள்ளிக்கூடத்தின்ர ஹங்கருக்குள்ள, அதாவது பிளேன் நிப்பாட்டித் திருத்திற கொட்டிலுக்குள்ள, மெக்கானிக்கா நிண்டவன், செஸ்னா 152, 172 எண்ட சின்னப் பிளேனுகள்தான் எங்கட கையில கூடப் பிழங்கினது, இப்ப கிளிநொச்சியில இறைக்கிற மிசினும் லான்ட்மாஸ்ரரும் திருத்திறன். நான் பைலற் இல்லை. ஓட்டுறதைப் பற்றி இஞ்ச எழுதுறது அவை படிக்கிற கைநூலைப் படிச்சும், அவையிட்ட கேட்டும், பக்கத்து சீற்றில இருந்து பாத்தும் அறிஞ்சது.

எஞ்சின் நிண்டா பிளேன் கல்லு மாதிரி விழுமெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தன். நீங்கள் மிதக்கும் எண்டுறியள். எவ்வளவு தூரம் மிதக்கும் அண்ணை?
– ஒரு வாசகர், விசுவமடு

தம்பி, பிளேனைத் தூக்கி வைச்சிருக்கிறது எஞ்சின் இல்லை, செட்டை. செட்டையைச் சுத்திக் காத்து ஓடிக்கொண்டு இருக்கவேணும், அவ்வளவுதான் அது கேக்கிறது. அந்த ஓட்டத்துக்கு வேகம் குடுக்கிற வேலையைத்தான் எஞ்சின் செய்யுது. எஞ்சின் நிண்டா வேகத்தை வேற எங்கயாவது எடுக்கவேணும், அது உயரத்துக்குள்ள சேமிச்சுக் கிடக்கு. இரணைமடுக் குளக்கட்டில இருந்து சைக்கிளில இறங்கேக்க ஆரும் பெடல் மிதிக்கிறேல்லைத்தானே, இறக்கமே கொண்டுபோகும், அதே கதைதான். மூக்கைக் கொஞ்சம் கீழ விட்டா பிளேன் இறங்கி இறங்கி வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

செஸ்னா 172 எண்டா ஏறக்குறைய 9 அடி முன்னுக்குப் போறதுக்கு 1 அடி இறங்கும். கிளிநொச்சி ரவுணுக்கு மேல 3000 அடியில எஞ்சின் நிண்டுதெண்டு வையுங்கோ, காத்து எதிரா அடிக்காட்டி 8 கிலோமீற்றர் போகலாம், பரந்தன் சந்தியைத் தாண்டியும் மிச்சம் இருக்கும். வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர் அளவில இருக்கும், அப்ப கையில 4 நிமிசம் கிடக்கு. 4 நிமிசம் குறைவெண்டு நினைக்காதேங்கோ, ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிற நேரம். ஆனா 120ஐ விடக் குறைய விட்டாலும் தூரம் குறையும், கூட விட்டாலும் குறையும். கன பேர் என்ன நினைக்கிறதெண்டா மூக்கைத் தூக்கிப் பிடிச்சா இன்னும் கொஞ்சத் தூரம் இழுக்கலாமெண்டு, அதுதான் ஆளைக் கொல்லுற நினைப்பு. தூக்கினா வேகம் போகும், வேகம் போனா செட்டையில காத்து ஒட்டாது, அதைத்தான் ஸ்ரோல் எண்டுறது, அதுக்குப் பிறகு நீங்கள் சொன்ன கல்லுக் கதை உண்மையாப் போகும். எஞ்சின் நிண்டதால மட்டும் பிளேன் கல்லாகாது, பயத்தில மூக்கைத் தூக்கினாத்தான் கல்லாகும்.

அந்த 4 நிமிசத்தில என்ன செய்யிறவையெண்டா, முதல் வேலை மூக்கைக் கீழ விட்டு வேகத்தைப் பிடிக்கிறது. ரெண்டாவது, இறங்கிறதுக்கு ஒரு வெளியைத் தெரிஞ்செடுத்து அந்தப் பக்கம் திருப்பிறது. இந்த ரெண்டும் முடிஞ்ச பிறகுதான் எஞ்சினைப் பாக்கிறது, பெற்றோல் பைப்பு சரியான ராங்கியில நிக்குதோ, பெற்றோலும் காத்தும் கலக்கிற அளவைப் பிடிக்கிற மிக்சர் பிடி முழுக்க முன்னுக்குத் தள்ளியிருக்கோ, காபரேற்றருக்குச் சூட்டுக்காத்து விடுற காபரேற்றர் ஹீற் பிடி இழுத்தாச்சோ, பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற மக்னீற்றோ ரெண்டிலயும் சுவிச்சு நிக்குதோ எண்டு வரிசையாக் கை போகும். அதிலயே கன எஞ்சின் திரும்பப் பிடிச்சிடும். பிடிக்காட்டி றேடியோவில மேடே எண்டு மூண்டு தரம் சொல்லி இடத்தைச் சொல்லுறது, ஆரோடயும் தொடர்பில்லாட்டி 121.5 எண்ட அவசர அலைவரிசை, பிளேனை றேடாரில காட்டிக்குடுக்கிற ட்ரான்ஸ்பொண்டர்ல 7700 எண்ட அவசர இலக்கம். றேடியோ கடைசியிலதான். றேடியோவில கதைக்கிற ஆள் ஆரும் பிளேனைத் தூக்கிப் பிடிக்கப் போறேல்லை.

2009க்கு முன்னர் இங்கே வாழ்ந்தவள் நான். இப்போதும் சின்ன விமானம் ஒன்றின் சத்தம் திடீரெனக் குறைந்தால் என் கால் தானாக எழும்புகிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை, எனக்குத்தான். சத்தம் குறைந்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தமா?
– ஓர் ஆசிரியை, புதுக்குடியிருப்பு

ரீச்சர், உங்கட கடிதத்தை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். சண்டைக் காலத்தில கிபிர் பிளேன் குண்டு போடக் குத்துற சத்தமும் வண்டு எண்டுற வேவு பிளேன் சுத்துற சத்தமும் கேட்ட காதுக்கு வானத்தில எந்தச் சத்தமும் வெறும் சத்தமில்லை, எனக்கும் அப்பிடித்தான், ஹங்கரில வேலைக்குச் சேந்த முதல் மாசம் பயிற்சிப் பிளேன் தலைக்கு மேல போகேக்க நான் சுவரோட ஒட்டி நிண்டிருக்கிறன், அங்க நிண்ட பெடியளுக்கு அது விளங்கேல்லை, நானும் சொல்லேல்லை. அதால உங்கட கேள்விக்கு வடிவாப் பதில் சொல்லவேணும்.

சத்தம் குறைஞ்சா எஞ்சின் நிண்டதெண்டு அர்த்தமில்லை. பிளேன் இறங்கத் தொடங்கேக்க பைலற் எஞ்சினைக் குறைப்பார், ஏறி முடிஞ்சு மட்டமாப் பறக்கத் தொடங்கேக்கயும் குறைப்பார். ரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில போற சின்னப் பிளேனுகள் பலாலிக்கு இறங்கிறதுக்கு வன்னிக்கு மேலயே உயரத்தைக் குறைக்கத் தொடங்கும், நீங்கள் கேக்கிறது அனேகமா அதுதான். பயிற்சிப் பிளேன் எண்டா வேணுமெண்டே குறைப்பினம், ஆசிரியர் எஞ்சினை ஐடிலுக்கு இழுத்துப்போட்டு, எஞ்சின் நிண்டிட்டுது இப்ப என்ன செய்யப்போறாய் எண்டு கேப்பார், மாணவர் வெளியைத் தேடி இறக்கிக்கொண்டு வந்து, 500 அடியளவில திரும்ப எஞ்சினைக் குடுத்து மேல போவினம். கீழ நிக்கிற சனத்துக்குப் பிளேன் விழப்போய்த் தப்பின மாதிரித் தெரியும். மற்றது, உண்மையா நிண்டாலும் புரொப்பெல்லர் அனேகமா நிக்காது, காத்துத் தள்ளத் தள்ளச் சும்மா சுத்திக்கொண்டே இருக்கும்.

கவலைப்படவேண்டிய சத்தம் குறையிற சத்தமில்லை ரீச்சர், விட்டு விட்டு அடிக்கிற சத்தம். தும்மித் தும்மி, ஒருக்கா ஏறி ஒருக்கா இறங்கி வாறது. அது எஞ்சினுக்குப் பெற்றோலோ காத்தோ ஒழுங்காப் போகேல்லை எண்ட சத்தம். பைலற்மாருக்கும் அதுதான் கூடக் கஷ்டம், முழுசா நிண்டா முடிவெடுக்கிறது சுகம், பாதி வேலை செய்தா அடுத்த ஓடுபாதை வரைக்கும் தாங்கும் தாங்குமெண்டு ஆசை வரும், அந்த ஆசையில நல்ல வெளியைத் தாண்டிப் போயிடுவினம்.

எஞ்சின் ஏன் நிக்குது? இவ்வளவு காசு குடுத்து வாங்கிற மிசின், மாசா மாசம் செக் பண்ணுற மிசின், பிறகும் ஏன்?
– மோட்டச்சைக்கிள் திருத்திறவர் ஒருவர், மாங்குளம்

உங்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை, கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வாற மோட்டச்சைக்கிளில எத்தினைக்கு உள்ளுக்க உடைஞ்சிருக்கு? கனக்க வாறது பெற்றோல் முடிஞ்சு, தண்ணி கலந்து, பைப்பு மூடி, பிளக்கில கரி பிடிச்சு. பிளேனும் அப்பிடித்தான். பிஸ்டன் உடையிறதும் வால்வு விழுறதும் நடக்கும், இல்லையெண்டில்லை, ஆனா முதலில தேடவேண்டியது பெற்றோலை. ராங்கி காலியா ஓடினது, அல்லது ஒரு ராங்கி நிறைய இருக்க மற்ற ராங்கியில பைப்பு நிண்டது. செஸ்னா 172ல ரெண்டு ராங்கியையும் ஒண்டாத் திறந்து விடலாம், பைப்பர் மாதிரிச் செட்டை கீழ உள்ள பிளேனுகளில ஒண்டு மாறி ஒண்டுதான் திறக்கலாம், மணிக்கூட்டைப் பாத்து மாத்தவேணும், மறந்தா நிக்கும். மீற்றர் முள்ளை நம்பேலாது, ஒவ்வொரு முறையும் செட்டையில ஏறி மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தான் அளக்கிறது.

தண்ணி கலக்கிறதைப் பற்றி ஒரு நாள் நடந்ததைச் சொல்லுறன். அந்த ஊரில மழை வருசத்தில கொஞ்ச நாள்தான், அந்த முறை ரெண்டு இரவு தொடர்ந்து கொட்டினது, பிளேன் வெளியில நிண்டது. விடியப் பறக்க வந்த மாணவன் செட்டைக்குக் கீழ இருக்கிற வடி குழாயில சின்ன பிளாஸ்ரிக் கப்பை வைச்சுப் பெற்றோல் எடுத்துப் பாத்தான். ஒவ்வொரு முறை பறக்க முன்னமும் அப்பிடி எடுக்கவேணும், தண்ணி பாரம் எண்டபடியால் அடியில நிக்கும், கப்பில எடுத்தா மேல பெற்றோலும் கீழ தண்ணியும் பிரிஞ்சு நடுவில ஒரு கோடு தெரியும், கொஞ்சமா இருந்தா பாதரசம் மாதிரி உருண்டை உருண்டையா அடியில ஓடும். அவன் கப்பைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப்போட்டு, கோடும் இல்லை உருண்டையும் இல்லை, கிளீன் எண்டான். நான் ரயருக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டனான், நிமிர்ந்து பாத்தா கப்பு பளிங்கு மாதிரித் தெளிவா இருக்கு. பிளேனுக்கு அடிக்கிற 100எல்எல் பெற்றோல் நீலம், சாயம் போட்டு விக்கிறது. இதில நீலமே இல்லை. கப்பை வாங்கி மணந்து பாத்தன், விரலில தொட்டு உரஞ்சிப் பாத்தன். முழுக்கத் தண்ணி. அதுதான் கோடும் இல்லை உருண்டையும் இல்லை. பிறகு நாங்கள் எட்டுக் கப்புத் தண்ணி எடுத்து ஊத்தின பிறகுதான் நீலம் வந்தது. மேல ஏறிப் பாத்தா ராங்கி மூடியின்ர றப்பர் வெடிச்சுக் கிடந்தது, ரெண்டு ரூபா சாமான் மாதிரி ஒரு றப்பர் வளையம். அந்தப் பெடியன் அப்பிடியே பறந்திருந்தா, பைப்பிலயும் காபரேற்றரிலயும் கிடந்த நல்ல பெற்றோல் எஞ்சினை ஸ்ராட் பண்ணவும், ஓடுபாதைக்கு ஓடவும், மேல எழும்பவும் காணும், தண்ணி போய்ச் சேர்றது அதுக்குப் பிறகு. அந்தக் கப்பை இப்பவும் என்ர கண்ணுக்குள்ள வைச்சிருக்கிறன்.

பொருளாதாரத் தடை நேரத்தில நாங்கள் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினதை நீங்களும் மறந்திருக்கமாட்டியள், காபரேற்றருக்குள்ள ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தக் காலத்தில படிச்ச பாடம், எரிபொருள் எதெண்டு கண்ணாலயும் மூக்காலயும் விரலாலயும் பாக்கிறது, எனக்கு ஹங்கரில உதவினது.

எஞ்சினுக்குள்ள இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக், ரெண்டுக்கும் வேற வேற மக்னீற்றோ, பற்றரி செத்தாலும் எஞ்சின் ஓடும். ஒரு மக்னீற்றோ போனா பவர் கொஞ்சம் குறையும், நிக்காது. ஓட முன்னம் ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாத்துத்தான் புறப்படுறது.

காபரேற்றருக்குள் பனி பிடித்து எஞ்சின் நிற்கும் என்று யூடியூபில் பார்த்தேன். அது குளிர் நாட்டுக்குத்தானே சேர்? எங்கள் வெயிலுக்கு எப்படிப் பனி வரும்?
– ஏ/எல் மாணவர், மல்லாவி

வரும் தம்பி. ஆஸ்பத்திரியில ஊசி போட முன்னம் ஸ்பிரிற் பஞ்சால துடைக்கேக்க கை சில்லிடுறது தெரியும்தானே, ஸ்பிரிற் ஆவியாகப் போகேக்க உன்ர தோலில இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகுது. காபரேற்றருக்குள்ள பெற்றோல் அப்பிடித்தான் ஆவியாகுது, அதோட காத்து ஒடுங்கின இடத்தால புகுந்து போகேக்க அமுக்கம் குறைஞ்சும் குளிருது. ரெண்டும் சேந்து 30 பாகைக்கு மேலயும் குறைக்கும். வெளியில 28 பாகை எண்டா உள்ளுக்க பூச்சியத்துக்குக் கீழ போகேலும். அப்ப காத்தில இருக்கிற ஈரம் காபரேற்றருக்குள்ள காத்தைக் கூட்டிக் குறைக்கிற தகட்டில பனியாப் பிடிச்சு, காத்துப் போற வழியை அடைக்கும். கூடப் பிடிக்கிறது 21 பாகைக்குக் கீழ, ஈரம் 80 வீதத்துக்கு மேல இருந்தா. ஆனா 38 பாகையிலயும் ஈரம் 50 வீதத்திலயும் பிடிக்கலாமெண்டு பைலற் கைநூலிலயே எழுதியிருக்கு. மார்கழி மாசத்து விடியக்காலை, மழை விட்டு நிலமெல்லாம் தண்ணி நிக்கிற நேரம், பனிப்புகார் அப்பதான் கலைஞ்சிருக்கு, மல்லாவியில அது எப்பிடியிருக்குமெண்டு உனக்குத் தெரியும், அதுதான் அதுக்குப் பிடிச்ச காலநிலை.

அதுவும் எஞ்சினைக் குறைச்சுப்போட்டு இறங்கேக்கதான் கூட வரும், காத்து வழியில இருக்கிற தகடு அந்த நேரம் பாதி மூடிக் கிடக்கிறபடியால். முதல் அடையாளம் சத்தமில்லை, எஞ்சின் சுத்துற வேகத்தைக் காட்டுற ஆர்பிஎம் முள்ளு மெல்ல மெல்ல இறங்கிறது. பைலற் காபரேற்றர் ஹீற் எண்ட பிடியை இழுத்தா சைலன்சரைச் சுத்தி வாற சூட்டுக்காத்து உள்ளுக்க போகும், பனி உருகும், உருகின தண்ணி எஞ்சினுக்குள்ள போறபடியால் கொஞ்ச நேரம் இன்னும் மோசமா உதறும், அதில பயந்து பிடியைத் திரும்பத் தள்ளினவையும் இருக்கினம். தள்ளக்கூடாது, பொறுக்கவேணும், பிறகு முள்ளு தானா ஏறும். பிளேன் இறங்கின பிறகு விபத்து ஆய்வுக்காரர் வரேக்க பனி உருகிப்போயிருக்கும், காபரேற்றரைக் கழட்டிப் பாத்தாலும் ஒண்டும் இராது. காபரேற்றர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சி விடுற இன்ஜெக்சன் எஞ்சினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எழும்பின உடனை எஞ்சின் நிண்டா ஓடுபாதை பின்னாலதானே கிடக்கு. ஏன் திரும்பி வரக்கூடாது எண்டு சொல்லினம்?
– ஒரு வாசகர், நெடுங்கேணி

இந்தக் கேள்வி கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, இதைப் பற்றிக் கதைக்கேக்க எனக்கு நெஞ்சு இறுகும். ஓடுபாதை பின்னாலதான் கிடக்கு, கண்ணுக்குத் தெரியுற ஒரே நல்ல இடம் அது, மனுசன்ர மனம் அங்கதான் திரும்பும். கணக்கு மட்டும் திரும்ப விடாது. 300 அடியில நிண்டுதெண்டு வையுங்கோ. என்ன நடந்ததெண்டு மூளைக்கு விளங்கவே 4 செக்கன் போயிடும், பிளேன் அந்த நேரம் மூக்கை மேல வைச்சு ஏறிக்கொண்டிருந்தது, வேகம் சரசரவெண்டு இறங்கும். ஒழுங்கான மெல்லிய திருப்பத்தில அரைவட்டம் திரும்ப ஒரு நிமிசம் வேணும், ஒரு நிமிசத்தில எஞ்சின் இல்லாத பிளேன் திரும்பிக்கொண்டே 1000 அடி வரைக்கும் இறங்கும், கையில இருக்கிறது 300. அரைவட்டத்தோடயும் முடியாது, ஓடுபாதைக்குப் பக்கத்தில வந்து நிப்பியள், நேர வைக்க இன்னும் திரும்பவேணும். கெதியாத் திரும்புவமெண்டு 45 பாகை சரிச்சா ஸ்ரோல் ஆகிற வேகம் 19 வீதம் கூடும், 60 பாகை சரிச்சா 41 வீதம். குறைஞ்சுகொண்டு போற வேகமும் கூடிக்கொண்டு வாற ஸ்ரோலும் சந்திக்கிற இடத்தில ஒரு செட்டை கீழ விழும், பிளேன் சுழலும், அந்த உயரத்தில சுழண்டா மீட்க இடமில்லை. எல்லாம் தப்பி வந்தாலும் காத்தை முதுகில வைச்சு இறங்கவேணும், நிலத்தில வேகம் கூட.

எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு ஆசிரியர் இருந்தவர், மாணவன் எத்தினை தரம் பறந்திருந்தாலும் ஓடுபாதை முனையில நிண்டு வாயால சொல்லவைப்பார். ஓடுபாதை மிச்சமிருந்தா நேர இறக்குவன், எழும்பி ஏறேக்க நிண்டா மூக்கைத் தள்ளுவன், முன்னுக்கு இடப்பக்கம் 30 பாகை, வலப்பக்கம் 30 பாகை, அதுக்குள்ள ஒரு இடம் பாப்பன், திரும்பமாட்டன். சத்தமாச் சொல்லவேணும். உயரம் காணும், பழகின ஆள், காத்து ஒத்துவருது எண்டா திரும்பி வந்தவையும் இருக்கினம், அதை இல்லையெண்டு சொல்லேலாது, ஆனா அந்த உயரத்தைத் தன்ர பிளேனில மேல போய் அளந்து பாத்து வைச்சிருக்கிறவர்தான் அதைப் பற்றிக் கதைக்கலாம்.

வன்னிக்கு மேல எஞ்சின் நிண்டா எங்க இறக்கலாம்? காடும் குளமும்தானே?
– ஒரு விவசாயி, முத்தையன்கட்டு

இதுக்கு நான் ஒரு இரவு முழுக்க மனசுக்குள்ள வன்னியை மேலயிருந்து பாத்தன் ஐயா. சனம் முதலில நினைக்கிறது கண்டி றோட்டை. றோட்டு நேராக் கிடக்கு, ஆனா கரையில லைட் போஸ்ற், குறுக்கால கரண்ட் கம்பி, பஸ், லொறி, பள்ளிக்கூடப் பிள்ளையள். கம்பி மேலயிருந்து கண்ணுக்குத் தெரியாது, போஸ்ற்றைப் பாத்துத்தான் கம்பி இருக்கெண்டு அறியவேணும். நான் றோட்டை விரும்பேல்லை.

வயல் நல்லது, ஆனா எந்த மாசமெண்டதில இருக்கு. காலபோகம் வெட்டி முடிஞ்சு பங்குனியில காய்ஞ்ச ஒட்டு நிக்கிற வயல் எண்டா பரந்தன் பக்கத்தில கண்ணுக்கெட்டின தூரம் வெளி, வரம்பு மட்டும்தான் பிரச்சினை. வரம்புக்குக் குறுக்க ஓடினா முன் சில்லு முறியும், வரம்போட நீட்டுக்கு இறங்கவேணும். கார்த்திகை மார்கழியில அதே வயல் சேறும் தண்ணியும், சில்லு புதைஞ்சு பிளேன் தலைகீழாப் பிரளும், வேகத்தை முழுக்கக் குறைச்சு மூக்கைத் தூக்கி வைச்சுத் தொட்டா ஆக்கள் அனேகமா வெளியில வருவினம். மாடு மேயிற தரவை நல்ல இடம், மாட்டைப் பாத்து இறங்கவேணும். ஆவணி புரட்டாதியில தண்ணி வத்தின குளத்தின்ர உள்பக்கம் விரிஞ்சு கிடக்கும், அதில கரையோரம் நல்லது, நடுவில சேறு. ஆனையிறவுப் பக்கத்து உப்புவெளியைப் பாத்து ஏமாறக்கூடாது, மேல வெள்ளைப் பொருக்குக் காய்ஞ்சு கிடக்கும், கீழ களி. நான் வேலை செய்த நாட்டிலயும் அதே மாதிரி உப்புத்தரை, ஒரு பயிற்சிப் பிளேன் அதில இறங்கி முன் சில்லு முழங்காலளவு புதைஞ்சு நிண்டது, இழுத்தெடுக்க எங்களுக்கு ரெண்டு நாள் போனது, ஏறியிருந்த ரெண்டு பேருக்கும் ஒரு கீறலும் இல்லை.

வேற வழியில்லாமல் காடுதான் எண்டா, காடும் சாவில்லை. பாலை, வீரை மாதிரி மொத்த அடிமரம் பிளேனின்ர உடம்பில படாமல், ஒரே அளவா அடர்ந்த சின்ன மரங்களின்ர மேல்பக்கத்தில, இதுக்கு மேல மெல்லமாப் போகேலாது எண்ட வேகத்தில மூக்கை உயத்தி இறக்கவேணும், செட்டை ரெண்டும் முறிஞ்சு அடியைத் தாங்கட்டும். பனங்கூடலுக்குள்ள போகக்கூடாது. இதுக்கெல்லாம் அடிப்படை ஒரு கணக்கு. வேகம் இரட்டிச்சா அடிக்கிற சக்தி நாலு மடங்கு. மணிக்கு 80 கிலோமீற்றரில தொட்டு, உடம்பு தாங்கக்கூடிய 9 ஜி, அதாவது தன்ர பாரத்தைப் போல 9 மடங்கு இழுவை, அளவில ஒரேசீரா நிக்கிறதெண்டா 3 மீற்றர் இடம் காணும், இந்தப் பத்தையும் அந்த வரம்பும் நசிஞ்சு குடுத்தாலே காணும். 160ல தொட்டா 11 மீற்றருக்கு மேல வேணும். பிளேனைக் காப்பாத்த நினைக்கக்கூடாது, உள்ளுக்க இருக்கிற ஆக்களைக் காப்பாத்தப் பிளேனை முறிய விடவேணும்.

எங்கட ஊரில அப்பிடி ஒண்டு வந்து இறங்கினா நாங்கள் என்ன செய்யலாம்?
– கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், முழங்காவில்

நல்ல கேள்வி அக்கா. முதலில 1990க்கு அம்புலன்ஸ், 119க்குப் பொலிஸ். சுருட்டு, பீடி, நெருப்புப்பெட்டி, மோட்டச்சைக்கிள் எல்லாம் தூரத்தில. செட்டை மேல உள்ள பிளேன் எண்டா பெற்றோல் ஆக்களின்ர தலைக்கு மேல இருக்கு, புது 172 ஒண்டில 200 லீற்றர் அளவில, அது கீழ ஒழுகும். புரொப்பெல்லரைத் தொடக்கூடாது, நிண்டிருந்தாலும் தொடக்கூடாது, தள்ளி விலத்தவும் கூடாது. மேல சொன்ன மக்னீற்றோதான் காரணம், பற்றரி கழட்டினாலும் அது நெருப்புக் குடுக்கும், சூட்டில நிக்கிற எஞ்சின் ஒரு கைத் தள்ளலுக்கு ஒரு சுத்துச் சுத்தினாக் கை போயிடும். பின்பக்கத்தால போங்கோ. கதவு இறுகியிருந்தா கண்ணாடியை உடைக்கலாம். நெருப்போ புகையோ இல்லையெண்டா முதுகு அடிபட்ட ஆளை இழுத்தெடுக்காமல் கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ, நெருப்பெண்டா எப்பிடியெண்டாலும் எடுக்கத்தான் வேணும். சிறஸ் எண்ட வகைப் பிளேனுக்குள்ள முழுப் பிளேனையும் தூக்கிற பரசூட்டும் அதை வெளியில எறியிற றொக்கெற்றும் இருக்கு, எச்சரிக்கை ஒட்டியிருக்கிற இடத்தில வெட்டவோ அடிக்கவோ கூடாது.

முகமாலைப் பக்கம் மாதிரி மிதிவெடி எடுத்து முடியாத இடங்களில சிவப்புப் பலகை நிண்டா, எவ்வளவு அந்தரமெண்டாலும் காணிக்குள்ள ஓடாதேங்கோ, கண்ணிவெடி எடுக்கிற ஆக்களையும் ஆமியையும் கூப்பிடுங்கோ. பிறகு உள்ளுக்க ஒரு பிடியையும் ஒரு சுவிச்சையும் திருப்பாதேங்கோ, பெற்றோல் பைப்பு எந்தப் பக்கம் நிண்டதெண்டது ஆய்வுக்காரருக்குத் தேவை.

பெரிய பிளேனுக்கும் இப்பிடி நடந்திருக்கோ?
– ஒரு வாசகி, வவுனியா

நடந்திருக்கு அம்மா. 1983 யூலை 23ந் திகதி எயார் கனடா போயிங் 767 ஒண்டு 41,000 அடியில எரிபொருள் முடிஞ்சு ரெண்டு எஞ்சினும் நிண்டது, எரிபொருளை கிலோவில கணக்குப் பாக்கிற இடத்தில இறாத்தல் கணக்குப் பிழங்கினதால அரைவாசிக்கும் குறைய அடிச்சுக்கொண்டு போயிருக்கினம். கிளைடர் ஓட்டிப் பழகின கப்டன், கிம்லி எண்ட இடத்தில கைவிட்ட விமானப்படை ஓடுபாதையில இறக்கினார், 69 பேரும் தப்பினவை. அங்கயும் உடைஞ்ச சாமானால எஞ்சின் நிக்கேல்லை, எரிபொருள்தான்.

பிளேனை விடுங்கோ அண்ணை, என்ர இறைக்கிற மிசின் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பத்து நிமிசம் ஓடிப்போட்டு நிக்குது. ரெண்டு பேர் பாத்திட்டினம், காபரேற்றர் மாத்தச் சொல்லினம்.
– ஒரு வாசகர், அக்கராயன்

மாத்தாதேங்கோ. பிளேனை விடவும் தேவையில்லை, ரெண்டும் ஒரே வருத்தம். ராங்கி மூடியைத் திறந்து உள்பக்கத்து றப்பரை நகத்தால மடிச்சுப் பாருங்கோ, வெடிப்பு இருந்தா அதை முதலில மாத்துங்கோ. பிறகு ராங்கிக்கு அடியில பைப்பைக் கழட்டி ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில அரைப் போத்தல் எடுத்து, மேசையில ஆட்டாமல் பத்து நிமிசம் வையுங்கோ. கோடு தெரிஞ்சா தண்ணி. கோடு தெரியாட்டியும் விடாதேங்கோ, மணந்து பாருங்கோ, விரலில உரஞ்சிப் பாருங்கோ.